இரண்டு விரல் இடைவெளி

ரொட்டி மாஸ்டருக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது ஒரு மழைக்காலத்துக் காலையில். நான் அப்போது அந்த பேக்கரியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்குப் பின்கதவைத் திறந்து ட்ரேக்களை ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போட்டு வருவது என் வேலை. அன்றைக்கு முதல் ஈடு ஏறிவிட்டது. இரண்டாவது ஈட்டுக்காகக் கதவோரம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

மாஸ்டர் மேசையில் மாவைக் கிள்ளி உருண்டை போட்டுக்கொண்டிருந்தார். தராசு ஒன்று மூலையில் தூசி பிடித்துக் கிடந்தது. அவர் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. கையால் கிள்ளினால் நானூறு கிராம், அவ்வளவுதான். அன்றைக்கு ஒரு உருண்டை பெரிதாக வந்தது. அதைப் பார்த்து அவரே சிரித்தார். அடுத்தது அதைவிடப் பெரிதாக வந்தது.

"என்னடா இது, மாவு கைய விடமாட்டேங்குது" என்றார்.

அவர் சொன்னதில் பாதிதான் எனக்குப் புரிந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போவதைப் பார்த்து நான் டீ கிளாஸைக் கீழே வைப்பதற்குள் மேசையோரமாகச் சரிந்து மாவு மூட்டைகள் மேல் விழுந்துவிட்டார்.

பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. உயிர் தங்கியது. குழறிய பேச்சும் ஒரு வாரத்தில் தெளிந்தது. வலது கால் மட்டும் நனைந்த மூட்டை மாதிரி கனத்தது. வலது கை அந்த அளவுக்குக்கூட இல்லை. அது பாட்டுக்குத் தொங்கியது. வீட்டுக்கு அனுப்புகிற அன்று பெரிய டாக்டர் சொன்னார்: "இனிமே மருந்து பாதி, பிசியோதெரபி பாதி. தள்ளிப் போடாதீங்க. நல்ல ஆளாப் பாத்துப் போங்க."

"நல்ல ஆளுன்னு எப்படி டாக்டர் தெரிஞ்சுக்கறது?" என்று மாஸ்டரின் மனைவி கேட்டார். டாக்டர் அதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஹோட்டல் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடம் ஒன்றில் இஸ்திரி போடுகிறவர். இரண்டு முழங்கைகளிலும் சூடு பட்ட தழும்புகள் வரிசையாக இருக்கும். பிள்ளைகள் இல்லை. டயர் கடை ஒன்றின் பின்னால் இரண்டு அறை வீடு. சந்தின் கடைசியில் பாத்ரூம், வாசலிலிருந்து பதினாலு எட்டு. அந்தப் பதினாலு எட்டுக்கு இப்போது அக்காவுக்கு அரை மணி நேரம் ஆனது. பாதி நாள் வேலைக்கே போக முடியவில்லை.

காலை ரவுண்டு முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொள்ள முதலாளி சம்மதித்தார். மாஸ்டரைத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைப்பேன். அக்கா பின்னால் கவிழ்த்துப் போட்ட ட்ரே மேல் உட்கார்ந்துகொள்வார். அப்படித்தான் எல்லா இடத்துக்கும் போனோம்.

முதலில் போனது கண்ணாடிக் கதவு போட்ட இடம். உள்ளே ஏசி. சுவர் முழுக்க எலும்புப் படம். பதினைந்து கட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் திரை, திரைக்குள் ஒரு மெஷின். அக்காவுக்கு அதைப் பார்த்ததுமே முகம் தெளிந்துவிட்டது. அங்கே இருந்தவர் நல்லவர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. மாஸ்டரின் தோளிலும் தொடையிலும் ஒயர்களை ஒட்டுவார், திருகு ஒன்றைத் திருப்புவார், "இருபது நிமிஷம்" என்பார், போனைக் காதில் வைத்துக்கொண்டு அடுத்த திரைக்குள் போய்விடுவார். மணி அடித்ததும் இன்னொரு பெண் வந்து ஒயரைக் கழற்றுவாள். பக்கத்துக் கட்டிலில் முதுகு வலிக்காரர், அந்தப் பக்கம் முட்டி வலிக்கார அம்மா. மூன்று பேருக்கும் அதே ஒயர், அதே இருபது நிமிஷம்.

ஐந்து வாரம் போனோம். ஒரு நாள் திரும்பி வரும்போது மாஸ்டர் சொன்னார்: "டேய், என்னை ரேடியோன்னு நெனச்சுட்டாண்டா அந்த ஆளு. ஒயரை மாட்டுறான், திருகுறான், பாடுதான்னு பாக்கக்கூட நிக்க மாட்டேங்குறான்."

நான் சிரித்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா சிரிக்கவில்லை.

"இத்தனை நாள்ல இந்தக் கையை ஒரு தடவ தொட்டுப் பாத்தானா, கேளு உங்கக்காவ."

மறுநாள் அக்கா தன் அண்ணனுக்குப் போன் போட்டார்.

அக்காவின் அண்ணன் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். எதற்கும் ஆள் தெரியும் அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நெஞ்சும் புஜமும் பனியனைக் கிழிக்கிற மாதிரி உடம்பு, கணீரென்று குரல். வந்ததும் மாஸ்டரின் முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

"நாப்பது நாள். நாப்பத்தி ஒண்ணாவது நாள் உங்க கையால சுட்ட ரொட்டிய நான் சாப்பிடணும். என்ன சொல்றீங்க?"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் யாரும் அவரிடம் ஒரு கணக்குச் சொல்லியிருக்கவில்லை. நாற்பது என்ற எண் அவருக்குக் கையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி மாதிரி இருந்தது. அன்றைக்கே காலண்டரில் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தார்.

அந்த ஆள் ஜன்னல் கம்பியில் கப்பி ஒன்றை மாட்டினார். கயிற்றின் ஒரு முனை மாஸ்டரின் செத்த கையில் கட்டு, இன்னொரு முனை நல்ல கையில். நல்ல கையால் இழுத்தால் செத்த கை தலைக்கு மேல் போகும். பாதிக்கு மேல் மாஸ்டர் இழுக்க மாட்டார். அப்போது அந்த ஆளே கயிற்றை வாங்கி இழுப்பார்.

ஒரு நாள் காலி ட்ரேக்களை பேக்கரியில் திருப்பிப் போடப் போகிற வழியில் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். சந்துக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது. டயர் கடைக்காரர்கள் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே அக்கா தரையில் உட்கார்ந்து மாஸ்டரின் முட்டியை ஒரு கையாலும் இடுப்பை ஒரு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார்.

"தாங்கிக்கோங்க, தாங்கிக்கோங்க, இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கண்ணை இறுக்கி மூடியிருந்தார்.

"கத்தட்டும் விடுங்கம்மா. கத்தினாத்தான் நரம்பு முழிச்சுக்கும்" என்றார் அந்த ஆள்.

இருபது நாளுக்கு மேல் ஆனதும் புறங்கை உப்ப ஆரம்பித்தது. விரல்கள் பளபளவென்று வீங்கிவிட்டன. சட்டை மாட்டும்போது தோள் ஒரு பக்கம் இறங்கித் தெரிந்தது. அக்கா பயந்துபோய்க் கேட்டதற்கு, "உள்ள வேலை நடக்குதும்மா, அப்படித்தான் இருக்கும்" என்றார் அந்த ஆள். இன்னும் சில நாள் கழித்துக் கேட்டபோது பேச்சு மாறியது. "நான் என்னம்மா பண்ணட்டும்? அவரு ஒத்துழைக்க மாட்டேங்கறாரு. மனசுல ஒரு வேகம் வேணாமா?"

முப்பத்து மூன்றாம் நாள் அந்த ஆள் வரும்போது மாஸ்டர் இடது கையாலும் பல்லாலும் முடிச்சை அவிழ்த்து, கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தரமாட்டேன் என்றார். அந்த ஆள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "உங்க இஷ்டம்" என்று போனவர்தான், அப்புறம் வரவில்லை. அக்கா அன்று முழுக்க மாஸ்டரோடு பேசவில்லை. இன்னும் ஏழு நாள்தானே பாக்கி என்பது அவர் வருத்தம்.

மறுபரிசோதனைக்குப் போனபோது ஆஸ்பத்திரி டாக்டர் கையைப் பார்த்துவிட்டு யார் இப்படிப் பண்ணியது என்று கேட்டார். அக்கா முந்தானையை எடுத்து அந்தக் கையை மூடினார். ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த பழைய கட்டடத்துக்குப் போகச் சொன்னார்.

அது முதல் மாடியில். மாஸ்டரை நான்தான் முதுகில் சுமந்து ஏற்றினேன். உள்ளே ஒரு நீள மேசை, ஆள் உயரக் கண்ணாடி, பிடித்து நடக்க இரண்டு மரக்கம்பிகள், எங்கும் போய்ச் சேராத நாலு படிக்கட்டு. மெஷின் என்று ஒன்றுகூட இல்லை. அங்கே இருந்த அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். தேய்ந்த கேன்வாஸ் ஷூ. அன்றைக்கு நல்ல ஜலதோஷம் வேறு, நிமிஷத்துக்கு ஒரு தரம் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்த பார்வையிலேயே அவர் நினைத்தது தெரிந்தது.

"டாக்டர்..." என்று அக்கா ஆரம்பித்தார்.

"நான் டாக்டர் இல்லம்மா, பிசியோ" என்று சொல்லிவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்து மாஸ்டரின் எதிரில், அவர் கண் மட்டத்துக்கு உட்கார்ந்தார். பத்து நிமிஷம் எதையும் தொடவில்லை. கேள்விதான். என்ன வேலை பார்த்தீர்கள், நின்றுகொண்டா, மேசை இடுப்பு உயரமா வயிற்று உயரமா, எந்தப் பக்கம் படுத்துத் தூங்குகிறீர்கள், வீட்டில் வாசற்படி உண்டா. பேக்கரி மேசையின் உயரத்தை மாஸ்டர் இடது கையால் தன் வயிற்றில் காட்டினார். மூன்று மாதத்துக்குப் பிறகு யாரோ அவரிடம் வேலையைப் பற்றிக் கேட்டார்கள்.

"ஒரு நாள்ல உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கறது எது?"

"கைதாம்மா" என்றார் அக்கா.

"உங்ககிட்ட கேக்கலைங்க. அவருகிட்டக் கேட்டேன்."

மாஸ்டர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "பாத்ரூம்" என்றார் மெல்ல. "இவ கூட நிக்கணும். கதவச் சாத்த முடியல."

அக்காவுக்கு அது புதுச் செய்தி. அவர் இத்தனை நாளும் கையைத்தான் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்தம்மா தன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். "இப்ப தோள்பட்டைய தொடப்போறேன். வலிச்சா உடனே சொல்லுங்க. தாங்கிக்க வேணாம்."

"தாங்கிக்க வேணாமா?" என்றார் மாஸ்டர், காதில் சரியாக விழாதது போல.

"வேணாம். வலி எங்க ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சாத்தான் நான் அதுக்கு முன்னாடி நிறுத்த முடியும்."

தோளின் முனைக்குக் கீழே அவர் விரல் வைத்தார். இரண்டு விரல் உள்ளே பதிந்தது. எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம். அக்காவைக் கூப்பிட்டு அவர் விரல்களையும் எடுத்து அங்கே வைத்தார். "கை கனத்துக்கு எலும்பு தோள்லேர்ந்து இறங்கியிருக்கு. யாரோ இழுத்ததுல இடைவெளி இன்னும் அகண்டுடுச்சு. இனிமே யாரும் இந்தக் கையப் பிடிச்சு இவரத் தூக்கக் கூடாது, இழுக்கக் கூடாது." தினமும் கொதிக்கும் இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்கிற கை, சுட்டது போலப் பின்னால் வந்தது.

"எத்தனை நாள்ல சரியாகும்?" என்று கேட்டார் அக்கா.

"தெரியலம்மா. கொஞ்ச நாள் வேலை செஞ்சு பாத்துட்டு, எனக்கு என்ன தெரியுதோ அதச் சொல்றேன்."

வண்டியில் வரும்போது அக்கா பொரிந்து தள்ளினார். "தெரியலன்னு சொல்றதுக்கு எதுக்கு ஒரு ஆளு? அத நானே சொல்லிட்டுப் போறேன்."

மாஸ்டர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். "கை சூடா இருந்துச்சு" என்றார்.

வாரத்துக்கு மூன்று நாள் போனோம். அங்கே நடந்தது எதுவும் பார்க்கச் சுவாரசியமாக இருக்காது. கைக்குக் கீழே தலையணை எப்படி வைப்பது. நாற்காலியிலிருந்து எழும்போது பாரத்தை எந்தக் காலில் போடுவது. ஒரே காரியம் நாற்பது தடவை, ஐம்பது தடவை. அந்தம்மா தரையில் மண்டி போட்டு மாஸ்டரின் முட்டிக்குப் பின்னால் கையைக் கொடுத்துக்கொண்டு, "இப்ப உங்க கால் நிக்குதா, என் கை நிக்குதா?" என்பார். "உங்க கைதான்" என்பார் மாஸ்டர். "அப்ப மறுபடியும்." இரண்டு பட்டை வைத்த பிளாஸ்டிக் அளவுகோல் ஒன்றால் ஒவ்வொரு மூட்டும் எவ்வளவு மடங்குகிறது என்று அளந்து நோட்டில் எழுதுவார். படுக்கையை மறுசுவருக்கு மாற்றச் சொன்னார். சந்துச் சுவரில் பிடித்து நடக்கக் குழாய் அடிக்கச் சொன்னார். டயர் கடைக்காரரும் நானும் அடித்தோம்.

எட்டு வாரம் ஆனதும் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு மூன்று பேரையும் உட்காரச் சொன்னார்.

"கால் வருது. கோலோட தனியா நடப்பீங்க, அது எனக்கு நம்பிக்கை இருக்கு. தோள் வலி குறைஞ்சிருக்கு, இன்னும் குறையும். ஆனா மணிக்கட்டுலயும் விரல்லயும் இந்த எட்டு வாரத்துல ஒரு அசைவும் இல்ல. முதல்லேர்ந்து சேத்தா அஞ்சு மாசம் ஆச்சு. மாவு பிசையற அளவுக்கு இந்தக் கை வரும்னு நான் நினைக்கல. வேற வேலைய யோசிச்சு வெச்சுக்கங்க."

ஜன்னலுக்கு வெளியே யாரோ தண்ணீர் லாரியைப் பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மாஸ்டர் தன் வலது கையைப் பார்த்தார். வேறு யாருடைய பொருளையோ மடியில் வைத்துக் காவல் காப்பவர் போல.

அக்கா எழுந்துவிட்டார். "நீங்க முயற்சியே பண்ணல. இங்க வந்ததுலேர்ந்து அவரு ஒரு நாளாவது கத்தியிருக்காரா?"

அந்தம்மா மறுத்துப் பேசவில்லை. "கோபம் வரும்தாம்மா. வேற ஒருத்தர்கிட்டக் காட்டிக் கேக்கறதா இருந்தாலும் கேளுங்க. இந்த நோட்டுல உள்ளத எழுதித் தரேன், எடுத்துட்டுப் போங்க."

அக்கா அதை வாங்கிக்கொள்ளவில்லை. அதோடு போவது நின்றது. அக்காவின் அண்ணன் வேறொரு ஊரில் வேறொரு ஆளை விசாரித்துக்கொண்டிருந்தார். பேக்கரியில் முதலாளி புது மாஸ்டரைப் போட்டார். அவரையும் தப்புச் சொல்ல முடியாது. ஆறு மாதம் மூன்று பேரை வைத்து ஒப்பேற்றிவிட்டார். அதை மாஸ்டரிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

"எப்படிடா, புது ஆளோட கை?" என்றார்.

"தராசு வெச்சுத்தான் போடுறாரு மாஸ்டர்."

"நல்லது. தராசு பொய் சொல்லாது" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மூன்றாவது வாரம், சனிக்கிழமை மத்தியானம், பழைய ரொட்டிகளைக் கொடுக்க வீட்டுக்குப் போனேன். அக்கா ஸ்டூல் மேல் ஏறி நின்று ஜன்னல் கம்பியில் கப்பியை மாட்டிக்கொண்டிருந்தார். கயிற்றைக் கோத்து இறங்கினார். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, மாஸ்டரின் கையில் முனையைக் கட்டினார். மாஸ்டர் தடுக்கவில்லை. கட்டி முடிக்கும் வரை காத்திருந்தார். அப்புறம் இன்னொரு முனையைத் தன் நல்ல கையால் எடுத்து அக்காவின் கையில் வைத்தார்.

"அன்னைக்கு அவன் இழுத்தான். இன்னைக்கு நீ இழு."

"ஏங்க..."

"உன் கை இழுத்தா நான் கத்த மாட்டேன். இழு."

அக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரிப்பை உதறி மடிக்கிற பலமான கைகள். கயிறு கொஞ்சம் விறைத்தது. மாஸ்டரின் முகம் மாறியது, வாயைத் திறக்கவில்லை. அவ்வளவுதான், அக்கா கயிற்றை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் ரொட்டிப் பையை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை அக்காவே போன் செய்தார். "தம்பி, வண்டி இருக்கா? அங்கதான் போகணும்."

அந்தம்மா நோட்டில் விட்ட பக்கத்தை எடுத்தார். "வாங்க. மூணு வாரத்துல கால் என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

அதற்கப்புறம் நாலு மாதம். நான் முதுகில் சுமந்து ஏற்றிய மாஸ்டர் என் தோளைப் பிடித்து ஏறினார், பிறகு கைப்பிடியைப் பிடித்து ஏறினார். ஒரு நாள் காலை அக்கா கண் விழித்தபோது பக்கத்தில் ஆள் இல்லை. சந்தின் கடைசியில் பாத்ரூம் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்ததாம். அக்கா அதை என்னிடம் சொல்லும்போது சந்தோஷமாகச் சொல்லவில்லை. பயந்துபோன மாதிரிதான் சொன்னார். மாஸ்டர் முன்னைப் போலப் பேசுவதும் இல்லை. பகலெல்லாம் டயர் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். காற்றடிக்க வருகிற வண்டிகளைப் பார்ப்பார். இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டார். ரொட்டி மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்.

கடைசியாகப் போன அன்று அந்தம்மா அவரை நாலு முறை நடக்கவிட்டு, படி ஏறி இறங்கவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இனிமே நீங்க இங்க வர வேணாம். நான் செய்யறத உங்க வீட்டம்மாவே செய்யறாங்க. மூணு மாசம் கழிச்சு ஒரு தடவ வந்து காட்டினா போதும். கீழ விழுந்தாலோ, வலி கூடினாலோ மட்டும் உடனே வாங்க."

மாஸ்டர் தலையை ஆட்டினார். இடது கையை நீட்டினார். அந்தம்மாவும் இடது கையாலேயே பிடித்துக் குலுக்கினார். நான் மாஸ்டரைப் படியில் இறக்கிக் கீழே பெஞ்சில் உட்கார வைத்தேன். ஆஸ்பத்திரி ஃபைலை மேலேயே விட்டுவிட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. திரும்ப ஏறினேன். கதவு ஒருக்களித்திருந்தது. அக்காவின் குரல் கேட்டதும் வெளியிலேயே நின்றுவிட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லணும். முதல்லயே இங்க வந்திருந்தா?"

உள்ளே ஸ்டூலை இழுக்கிற சத்தம் கேட்டது.

"விரல் வந்திருக்குமான்னு எனக்குத் தெரியாதும்மா. வராமலும் போயிருக்கலாம். அத யாராலயும் சொல்ல முடியாது."

"தோளு?"

மூக்கை உறிஞ்சுகிற ஒலி. யாருடையது என்று தெரியவில்லை.

"தோள் இவ்வளவு கெட்டிருக்காது. அந்த வலியும் இவ்வளவு இருந்திருக்காது."

"ம்."

"அதச் செஞ்சது நீங்க இல்லம்மா."

"பிடிச்சுக்கிட்டது நான்தானே" என்றார் அக்கா.

நோட்டை மூடுகிற சத்தம் கேட்டது. அக்கா ஃபைலோடு வெளியே வந்தபோது என்னைப் பார்த்தார். கேட்டுவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்தது. எனக்கு முன்னால் படியிறங்கினார். பாதிப் படியில் நின்று முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். விரிப்பில் ஒரு சுருக்கமும் தெரியக்கூடாது என்று அழுத்துகிறவர் போல.

கீழே மாஸ்டர் பெஞ்சிலிருந்து தானே எழுந்து கோலை ஊன்றி நின்றுகொண்டிருந்தார்.

"இவ்வளவு நேரமா என்ன பேச்சு? என்ன சொன்னாங்க?"

அக்கா அவருடைய இடது பக்கம் போய் நின்றுகொண்டார்.

"ஒண்ணுமில்லங்க. நல்லா நடக்கறீங்களாம்."

மாஸ்டர் அக்காவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வண்டியை நோக்கி நடந்தார். நான் ஓடிப்போய் முன்கதவைத் திறந்து பிடித்தேன்.